தனியாக ஒரு நாள் வட்ட நடை: டினாஸ் பிரான் குன்று ஏறி, லாங்கோலன் கால்வாய்க் கரையில் திரும்புவது – திசை, நேரம், சிக்கலான இடங்கள்

#1 புதுத்தடம்

வணக்கம். பர்மிங்காமிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும்படி வட வேல்ஸில் ஒரு வட்ட நடை திட்டமிடுகிறேன். கார் கிடையாது, துணைக்கு ஆளும் கிடையாது. அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை.

வரைபடத்தில் நான் போட்டு வைத்திருக்கும் கோடு இது: லாங்கோலன் ஊர், டினாஸ் பிரான் கோட்டைக் குன்று, பனோரமா பாதை, ட்ரெவர் காடு, ட்ரெவர், அங்கே பொன்ட்கசல்டெ தொட்டிப்பாலம் (கால்வாயை ஆற்றுக்கு மேலே கொண்டுபோகும் பாலம்), பிறகு கால்வாய்க் கரையிலேயே லாங்கோலன். சமதளத்தில் 15 கி.மீ. நடப்பேன், மலை ஏறிப் பழக்கமில்லை. எந்தத் திசையில் சுற்றுவது நல்லது? எத்தனை மணி நேரம் வைக்கலாம்? தனியாகப் போகிறவன் எங்கே கவனமாக இருக்க வேண்டும்?

#2 சமஉயரக்கோடு

நல்ல தேர்வு. முதல் மலை நடைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அந்தப் பக்கத்தில் குறைவு. உயரமாக ஏறுவது ஒரே ஒரு தடவைதான், அதுவும் ஆரம்பத்திலேயே முடிந்துவிடும்.

தூரக் கணக்கு. ஆற்றுப் பாலத்திலிருந்து கோட்டைக்குச் சுமார் 1.5 கி.மீ. கோட்டையிலிருந்து ட்ரெவர் படகுத்துறை வரை 6 கி.மீ. தொட்டிப்பாலத்தை நடந்து கடந்து திரும்பினால் இன்னும் ஒரு கி.மீ. ட்ரெவரிலிருந்து கால்வாய்க் கரையில் லாங்கோலன் 7 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. மொத்தம் 15 என்று வையுங்கள்.

ஏற்றம். கோட்டை இருக்கும் உச்சி ஏறக்குறைய 320 மீட்டர், ஊர் 100 மீட்டருக்குப் பக்கம். அந்த 220 மீட்டரையும் ஒன்றரை கி.மீ.க்குள் ஏறி முடிக்கிறீர்கள். அதனால்தான் தூரத்தை மட்டும் பார்த்து நேரம் கணித்தால் தப்பாகிவிடும். மலையேறி நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் செல்லும்: மணிக்கு 5 கி.மீ., ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். பனோரமா பக்கத்துச் சிறு ஏற்ற இறக்கங்களையும் சேர்த்து 350 மீட்டர் என்று எடுத்தால் 3 மணி 35 நிமிடம் வரும். அது நிற்காமல் நடக்கிறவர் கணக்கு. சாப்பாடு, படம் எடுப்பது, வரைபடம் பார்ப்பது, சேற்றில் மெதுவாவது எல்லாவற்றுக்கும் பாதி மடங்கு கூட்டி ஐந்தரை மணி நேரம், பழக்கமில்லாதவர் ஆறு மணி நேரம்.

வழி. ஆற்றுப் பாலத்தைத் தாண்டி மேலே ஏறினால் கால்வாய்ப் படகுத்துறை. அதை ஒட்டிய பாலத்தில் கால்வாயைக் கடந்ததும் கோட்டைக்கு வழிகாட்டிப் பலகை இருக்கும். வேலிகளுக்கு இடையே ஏறும் பாதை, பிறகு புல்வெளி, கடைசியில் செங்குத்தாக வளைந்து வளைந்து ஏறும் தடம். கோட்டை 13ஆம் நூற்றாண்டுக் கட்டடம், 1277இல் எரிந்தது. இப்போது நிற்பவை இடிந்த சுவர்கள்தான். நுழைவுக் கட்டணம், கேட் எதுவும் இல்லை. கழிவறையும் இல்லை, ஊரிலேயே முடித்துக்கொண்டு ஏறுங்கள்.

உச்சியில்தான் முதல் தப்பு நடக்கும். அங்கிருந்து பல தடங்கள் இறங்குகின்றன. பேச்சுவாக்கில் இறங்கினால் ஏறி வந்த பக்கமே போய்விடுவீர்கள். இடிபாட்டுக்குள் நின்று, வடகிழக்கில் நீளும் எக்லுசெக் சுண்ணாம்புப் பாறைச் சுவரைக் கண்டுபிடியுங்கள். வெள்ளைச் சாம்பல் நிறத்தில் படிப்படியாக இருக்கும், தப்பவே முடியாது. அதை நோக்கி, கிழக்குப் பக்கமாக இறங்குங்கள். கீழே ஒற்றைத் தார்ச்சாலை வரும். அதில் வலது பக்கம், தென்கிழக்காகத் திரும்ப வேண்டும். பாறைச் சுவர் இடக்கையில், டீ ஆற்றுப் பள்ளத்தாக்கு வலக்கையில் இருந்தால் சரியான திசை. இரண்டும் இடம் மாறியிருந்தால் உடனே நின்று வரைபடத்தைப் பாருங்கள்.

அந்தச் சாலைதான் பனோரமா. வழியில் வேல்ஸ் மொழிக் கவிஞர் ஐ. டி. ஹூசனின் நினைவுக் கல் இருக்கிறது. ஆஃபாஸ் டைக் நெடும்பாதையும் இதே வழியில்தான் வருகிறது. அதன் குறி ஓக் கொட்டை. இங்கிலாந்து, வேல்ஸ் தேசிய நெடும்பாதைகளுக்கெல்லாம் இதே குறிதான். சாலையிலிருந்து பாதை பிரிந்து ட்ரெவர் காட்டுக்குள் நுழையும் இடம் இரண்டாவது தப்பு. தார்ச்சாலை சுகமாக இருப்பதால் கால் அதிலேயே போய்விடும். ஓக் கொட்டை கண்ணில் படாமல் பத்து நிமிடம் கடந்தால் திரும்பி வாருங்கள்.

வரைபடம்: ஆர்ட்னன்ஸ் சர்வே எக்ஸ்ப்ளோரர் 256, 1:25,000. முழுச் சுற்றும் அந்த ஒரே தாளில் அடங்கும். பொதுவழிகள் பச்சைப் புள்ளிக்கோடுகளாக இருக்கும். பாதையில் மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு மட்டும், நீல அம்பு குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து.

திசை: நீங்கள் எழுதிய வரிசையே சரி. குன்று முதலில், கால்வாய் கடைசியில்.

#3 வாய்க்கால்கரை

தம்பி, திசை விசயத்தில மட்டும் நான் மறுபக்கம். ட்ரெவரில பஸ்ஸால இறங்கி, காலமை முதல் வேலையா தொட்டிப்பாலத்தைப் பாருங்கோ. சனிக்கிழமை மத்தியானம் அந்தப் பாலத்தில ஆக்கள் நிறைஞ்சிடும். நடைபாதை ஒடுக்கம், எதிர எதிர ரெண்டு பேர் உடம்பைத் திருப்பித்தான் போகலாம். சனம் வரமுதல் பத்து மணிக்குள்ள கடந்தா நிம்மதியா நிண்டு பார்க்கலாம்.

பிறகு ஏழு கிலோமீற்றர் சமதளம். அதில உடம்பு சூடேறி, மூச்சு ஒரு நிலைக்கு வந்திடும். லாங்கோலனில தேத்தண்ணி குடிச்சிட்டு மலை ஏறலாம். பஸ்ஸால இறங்கின உடன, கால் விறைச்சிருக்கேக்க 220 மீற்றர் ஏறுறது பழக்கமில்லாத ஆளுக்குக் கஷ்டம். பாதியிலயே களைச்சிடுவினம்.

#4 சமஉயரக்கோடு

கூட்டம் பற்றிச் சொன்னது உண்மைதான். அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வரிசையில் போனால் ட்ரெவர் காடு நாளின் கடைசியில் வருகிறது. அக்டோபர் மூன்றாவது வாரத்தில் சூரியன் மாலை ஆறு மணி சுமாருக்கு மறையும். இலை உதிர்ந்து வேரை மூடியிருக்கும் காட்டுச் சரிவில், நிழல் விழுந்த பிறகு, தனியாளாக இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. கால்வாய் கடைசியில் வந்தால் இருட்டினாலும் வழி தவறாது. தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

இன்னும் இரண்டு காரணம். அந்தப் பகுதியில் காற்று பெரும்பாலும் மேற்கு, தென்மேற்கிலிருந்து வீசும். குன்று முதலில் என்றால் திறந்த மேட்டில் காற்று முதுகில் படும். மேற்கே திரும்பி நடக்கும்போது மரங்களும் சரிவும் மறைத்த கால்வாய்க் கரையில் இருப்பீர்கள். அடுத்தது, டினாஸ் பிரானின் கடைசிச் சரிவு கோட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் செங்குத்து. காலில் தெம்பு இருக்கும்போது அதை முடிப்பது நல்லது. களைத்த தொடையோடு ஈரப்புல்லில் இறங்கும்போதுதான் கணுக்கால் பிசகும்.

உடம்பு சூடேறும் பிரச்சினைக்கு எளிய வழி உண்டு. படகுத்துறையிலிருந்து கால்வாய்க் கரையில் ஐந்தே நிமிடம் போய்த் திரும்பி, பிறகு ஏறத் தொடங்குங்கள். முதல் இருபது நிமிடம் வாய்விட்டுப் பேச முடிகிற வேகத்துக்கு மேல் போகாதீர்கள்.

#5 வாய்க்கால்கரை

வெளிச்சக் கணக்கை ஒத்துக்கொள்ளுறன். மே, யூன் எண்டால் என்ர வரிசை, அக்டோபர் எண்டால் உங்கட வரிசை. ஆனா தம்பி, மாதக் கடைசி ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுறவை. அதுக்குப் பிறகு அஞ்சு மணிக்கு முன்னமே பொழுது பட்டிடும். திகதியைத் தள்ளிப் போடுறதெண்டால் இதை மறக்க வேண்டாம்.

சப்பாத்தைப் பற்றியும் ஒரு விசயம். எல்லாரும் மலையை நினைச்சுப் பாரமான பூட்ஸ் வாங்குறவை. இந்தச் சுற்றில அரைவாசிக்கு மேல தார் ரோட்டும், இறுக்கின கரைப்பாதையும்தான். பாரமான பூட்ஸோட ஏழு கிலோமீற்றர் கெட்டித் தரையில நடந்தா உள்ளங்கால் எரியும். அடிப்பக்கம் நல்லாப் பிடிக்கிற, பாரமில்லாத மண்பாதைச் சப்பாத்து (trail shoes) காணும். முதல் நாள் நல்ல மழை எண்டால் மட்டும் கணுக்கால் மூடின, தண்ணி புகாத பூட்ஸ்.

#6 செங்காந்தள்

கால் விஷயத்தில் இன்னும் கொஞ்சம். இந்தச் சுற்றில் கொப்புளம் வருவது ஏறும்போது அல்ல, கோட்டையிலிருந்து இறங்கும்போதும் ட்ரெவர் காட்டில் இறங்கும்போதும்தான். கால் முன்னால் வழுக்கி விரல் நுனி ஷூவில் இடிக்கும். முதல் நாளே கால் நகத்தை வெட்டிவிடுங்கள். உச்சியில் ஷூ கயிற்றை அவிழ்த்து, குதிகாலைப் பின்னால் தட்டி உட்கார வைத்து, கடைசி ஓட்டையில் ஒரு கண்ணி விட்டு அதற்குள் எதிர்க்கயிற்றை நுழைத்து இறுக்குங்கள். குதிகால் அசையாது.

மாற்றுக் காலுறை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். ட்ரெவரில் உட்கார்ந்து சாப்பிடும்போது மாற்றுங்கள். ஈரக் காலுறையோடு கால்வாய்க் கரையில் இறங்கினால் மூன்றாவது கிலோமீட்டரில் தோல் உரியத் தொடங்கும். ஒரு இடம் சூடாக உறுத்தினாலே நின்று பிளாஸ்டர் ஒட்டிவிட வேண்டும். ஊர் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நடந்தால் கொப்புளம் உடைந்துவிடும்.

தரையும் இடத்துக்கு இடம் மாறும். டினாஸ் பிரான் குன்று களிமண் பாறை; மழைக்குப் பிறகு மேல்மண் சோப்பு மாதிரி. அங்கே அடியைச் சிறிதாக வைத்து, பாதம் முழுதும் படும்படி நடக்க வேண்டும். எக்லுசெக் பக்கம் சுண்ணாம்புக் கல். ஆயிரம் கால் தேய்த்துப் பளபளப்பான சுண்ணாம்புக் கல் ஈரமானால் கண்ணாடிதான். அதன் மேல் மிதிக்காமல் பக்கத்துப் புல்லில் மிதியுங்கள். காட்டுக்குள் வேர்கள். வேரின் மேல் ஒருபோதும் காலை ஊன்றாதீர்கள், தாண்டி வையுங்கள்.

பெரணி அடர்ந்த இடங்களில் உண்ணி உண்டு, அக்டோபரிலும் இருக்கும். முழுக்கால் பேன்ட் போட்டு, காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். வீடு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் பார்த்துவிடுங்கள். கடித்திருந்தால் நுண்ணிய முனையுள்ள கிடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுக்க வேண்டும்.

#7 புதுத்தடம்

எல்லோருக்கும் நன்றி. அண்ணா சொன்ன வரிசையிலேயே, குன்று முதலில் என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு கேள்வி: எனக்கு உயரம் என்றால் கொஞ்சம் பயம். தொட்டிப்பாலத்தைக் கடக்காமல் சுற்றை முடிக்க முடியுமா? பாலம் எவ்வளவு உயரம், பாதுகாப்பு எப்படி?

#8 வார்ப்பிரும்பு

கடக்காமல் தாராளமாக முடிக்கலாம். பாலம் உங்கள் சுற்றில் ஒரு கிளைதான். ட்ரெவர் வடகரையில் இருக்கிறது, லாங்கோலனும் ஆற்றின் வடபக்கக் கால்வாயில்தான். பாலத்தைத் தொடாமலே திரும்பலாம். ஆனால் அவ்வளவு தூரம் போய்விட்டு அதைப் பார்க்காமல் வருவது பெரிய இழப்பு. அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்த்தவர்களுக்கு அமைப்பு உடனே புரியும். பள்ளத்தாக்கின் குறுக்கே தூண்கள், அவற்றின் மேல் தண்ணீர்த் தொட்டி. பொன்ட்கசல்டெயில் தூண்கள் கல், தொட்டி வார்ப்பிரும்பு. நீளம் 307 மீட்டர், டீ ஆற்றிலிருந்து உயரம் 38 மீட்டர். வில்லியம் ஜெசப்பும் தாமஸ் டெல்ஃபோர்டும் கட்டியது. 1795இல் தொடங்கி 1805 நவம்பர் 26இல் திறந்தார்கள். அதற்கு முன் தொட்டிப்பாலம் என்றால் கல் தொட்டிக்குள் கனமாகக் களிமண் மெழுகுவார்கள். அந்தப் பாரத்தை 38 மீட்டர் உயரத்தில் தாங்கக் கொழுத்த தூண்கள் வேண்டும். இரும்புத் தொட்டியில் களிமண் தேவையில்லை, தூண்கள் மெலிந்தன. கீழிருந்து பார்க்கும்போது அந்த மெலிவுதான் மனதை நிறுத்தும்.

பாதுகாப்பு. நடைபாதை ஒரு பக்கம், அந்தப் பக்கத்தில் உயரமான கம்பித் தடுப்பு உண்டு. எதிர்ப்பக்கத்தில் தடுப்பே இல்லை, தொட்டியின் விளிம்பு மட்டும். ஆனால் உங்களுக்கும் அந்த விளிம்புக்கும் நடுவில் கால்வாய் இருக்கிறது. நடைபாதை தொட்டிக்குள்ளேயே தண்ணீரின் மேல் தாங்கி வைக்கப்பட்டது. படகு வரும்போது தள்ளப்படும் தண்ணீர் பாதையின் அடியில் ஓடிவிடும். அதனால்தான் அவ்வளவு ஒடுக்கமான தொட்டியில் படகுகள் சிரமமில்லாமல் போகின்றன.

பயம் உள்ளவர்கள் செய்யும் தவறு, கம்பிக்கு வெளியே கீழே பார்ப்பது. எதிர்முனை மரங்களில் கண்ணை வையுங்கள், ஒரு கை கம்பியில் தொட்டபடி இருக்கட்டும். நடுவில் நின்று படம் எடுக்க வேண்டாம். அந்த இடத்தில்தான் தலை சுற்றும். சைக்கிளில் வருகிறவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். பலத்த காற்று வீசும் நாளில் விட்டுவிடுங்கள்.

கடக்க மனமில்லை என்றால் பள்ளத்தாக்குக்குள் இறங்கும் வழியில் பழைய கல் பாலம் ஒன்று ஆற்றின் மேல் இருக்கிறது. அங்கே நின்று அண்ணாந்து பாருங்கள். தூண்களின் அழகு முழுசாகத் தெரிவது அங்கிருந்துதான். இறங்கி ஏற முக்கால் மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

மூன்றாவது தப்பு ட்ரெவரில் நடக்கும். பாலத்திலிருந்து வடக்கே வந்தால் கால்வாய் நேராகப் படகுத்துறைக்குள் போய் முடிந்துவிடும். முதல் திட்டப்படி கால்வாய் அங்கிருந்து ரெக்ஸம், செஸ்டர் வரை போயிருக்க வேண்டும். அந்தப் பகுதி கட்டப்படவே இல்லை, மிச்சம் நிற்பதுதான் அந்த முட்டு. லாங்கோலன் கிளை அங்கே மேற்கே, இடது பக்கம் சடாரென்று திரும்புகிறது. வழிகாட்டிப் பலகையைப் பார்த்து, தண்ணீரைக் கடக்கும் சிறு பாலத்தின் வழியாக அந்தக் கிளையின் கரைக்கு மாறுங்கள். நடக்கத் தொடங்கிய பிறகு டீ ஆற்றுப் பள்ளத்தாக்கு இடக்கையில் இருக்க வேண்டும்.

#9 சமஉயரக்கோடு

அந்தக் கிளையில் தண்ணீர் ஓடுவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். கால்வாய்த் தண்ணீர் தேங்கித்தானே நிற்கும் என்று எல்லோரும் நினைப்பார்கள்.

#10 வார்ப்பிரும்பு

ஆமாம், அதைச் சொல்லியே ஆக வேண்டும். ரெக்ஸம், செஸ்டர் போகவிருந்த அந்த மெயின் லைன் கட்டப்படாமல் போனதால் கால்வாய்க்கு எதிர்பார்த்த தண்ணீர் கிடைக்கவில்லை. அதற்காக லாங்கோலனுக்கு மேலே டீ ஆற்றில் குதிரை லாட வடிவில் ஓர் அணை கட்டி, 1808இல் தண்ணீரைத் திருப்பினார்கள். ஹார்ஸ்ஷூ ஃபால்ஸ் என்று வரைபடத்தில் இருப்பது அதுதான், இயற்கை அருவி அல்ல. ஆக நீங்கள் நடக்கப்போவது படகு வழியாகவும் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலாகவும் இருக்கும் கால்வாய். 1944இல் சட்டப்படி கைவிடப்பட்ட பிறகும் மூடப்படாமல் தப்பியது, அதன் தண்ணீர் தேவைப்பட்டதால்தான். இன்றும் நான்ட்விச் பக்கத்து ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்கு இந்தக் கால்வாய்தான் தண்ணீர் கொண்டுபோகிறது.

2009இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்த 18 கி.மீ.யில் படகை ஏற்றி இறக்கும் மதகு (லாக்) ஒன்றுகூட இல்லை. சமஉயரக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மலைச்சரிவில் வெட்டியிருக்கிறார்கள். நடப்பவருக்கு அதன் பொருள், ட்ரெவரிலிருந்து லாங்கோலன் வரை ஏற்றமே இல்லை.

சரிவில் வெட்டியதற்கு விலையும் கொடுத்திருக்கிறார்கள். ட்ரெவருக்கும் லாங்கோலனுக்கும் நடுவில் சன் பேங்க் என்ற இடத்தில் 1945 செப்டம்பரில் கரை உடைந்து, கீழே இருந்த ரயில் பாதையின் மண்மேட்டைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போனது. விடியலில் வந்த அஞ்சல், சரக்கு ரயில் அந்தப் பள்ளத்தில் விழுந்து ஒருவர் இறந்தார். அந்தப் பக்கம் நடக்கும்போது ஒரு பக்கம் மலை, மறுபக்கம் சரிவு, நடுவில் தண்ணீர் என்று இருப்பதைப் பாருங்கள். கரையைக் கவனமாகப் பராமரிக்க வேண்டிய அவசியம் நின்ற இடத்திலேயே விளங்கும்.

அந்தப் பராமரிப்புக்காகக் குளிர்காலத்தில், பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரை, கரைப்பாதையை ஆங்காங்கே மூடுவார்கள். கால்வாயைப் பார்த்துக்கொள்ளும் அறக்கட்டளையின் தளத்தில் முன்கூட்டியே அறிவிப்பு வரும். அக்டோபரிலும் முதல் நாள் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

#11 செங்காந்தள்

கரைப்பாதையில் சில பழக்கங்கள். பின்னால் சைக்கிள் மணி கேட்டால் தண்ணீர்ப் பக்கம் ஒதுங்காதீர்கள், வேலிப் பக்கம் ஒதுங்குங்கள். லாங்கோலன் நெருங்கும்போது ஒரே படகு போகும் அளவுக்குக் கால்வாய் ஒடுங்கும் இடங்கள் வரும். படகுக்காரர்கள் எதிரே படகு வருகிறதா என்று பார்க்க ஒருவரைக் கரையில் முன்னால் நடக்க விடுவார்கள். கட்டி நிற்கும் படகுகளின் கயிறு பாதையோரம் கிடக்கும். இலை மூடியிருந்தால் தெரியாது, தடுக்கிவிடும்.

லாங்கோலன் படகுத்துறையைத் தாண்டி ஹார்ஸ்ஷூ ஃபால்ஸ் வரை மேலும் மூன்று கி.மீ. போக நினைத்தால், அந்தப் பகுதியில் குதிரை இழுக்கும் சுற்றுலாப் படகு வரலாம். குதிரையையும் இழுகயிற்றையும் முன்னால் போகவிட்டு, கயிறு தண்ணீர்ப் பக்கம் இருக்க, நீங்கள் வேலியை ஒட்டி அசையாமல் நில்லுங்கள். ஆனால் முதல் தடவைக்கு அந்த ஆறு கி.மீ. கூடுதல் வேண்டாம் என்பது என் கருத்து.

கால்வாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, வடிகட்டியும் கூடாது. கையில் கீறல் இருந்தால் மூடிக்கொள்ளுங்கள். எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் தேங்கிய தண்ணீர் வழியாகத் தொற்றும்.

#12 வாய்க்கால்கரை

சாப்பாட்டைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. ஒண்டரை லீற்றர் தண்ணி, அரை லீற்றர் ஃபிளாஸ்கில தேத்தண்ணி. புளிச்சாதம் இந்த மாதிரி நடைக்கு நல்லது. ஆறினாலும் ருசி மாறாது, பின்னேரம் வரைக்கும் கெடாது, உப்பும் எண்ணெயும் உடம்புக்குக் கிடைக்கும். தயிர்ச்சாதம் பையில குலுங்கித் தண்ணி விடும், வேண்டாம். ஒரேயடியா வயிறு நிறையச் சாப்பிட்டிட்டு நடக்காமல், கோட்டையில கொஞ்சம், ட்ரெவரில மிச்சம். இடையில பேரீச்சம்பழம் ஆறு ஏழு, கச்சான் அல்வா ரெண்டு துண்டு சட்டைப் பொக்கற்றில இருக்கட்டும். பையைக் கழட்டித்தான் எடுக்க வேணும் எண்டால் எடுக்க மாட்டியள். கரண்டி மறக்க வேண்டாம். வேலிப்படி, கேட் எல்லாம் பிடிச்ச கையில ஆட்டுப் புழுக்கை ஒட்டியிருக்கும்.

#13 சமஉயரக்கோடு

தனியாகப் போவதால் இவை கட்டாயம்.

வீட்டில் ஒருவரிடம் வழியை எழுதிக் கொடுங்கள். “எட்டு மணிக்குள் நான் கூப்பிடவில்லை என்றால் நீ கூப்பிடு, எடுக்காவிட்டால் போலீஸுக்குச் சொல்லு” என்று நேரம் குறித்துச் சொல்லுங்கள். “சாயங்காலம் வந்துவிடுவேன்” என்று மட்டும் சொன்னால் தேடல் எப்போது தொடங்குவது என்று யாருக்கும் தெரியாது.

விபத்து என்றால் 999. முதலில் போலீஸ் கேட்டு, பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ (மலை மீட்புக் குழு) என்று சொல்ல வேண்டும். மரத்தடியில் குரல் போகாத இடத்திலும் குறுஞ்செய்தி போகலாம். அதற்கு முன்பே பதிய வேண்டும்: “ரெஜிஸ்டர்” என்ற ஆங்கிலச் சொல்லை 999க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, வரும் பதிலில் சொன்னபடி செய்யுங்கள். இன்றைக்கே செய்துவிடுங்கள். விசில் ஒன்று பைக்கயிற்றில் தொங்கட்டும்: நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. இடத்தைச் சொல்ல கிரிட் எண் (வரைபடக் கட்டங்களை வைத்து இடத்தைக் குறிக்கும் எண்) படிக்கப் பழகுங்கள். கோட்டை எஸ்ஜே 222 430. வீட்டிலேயே தாளை விரித்து அந்த எண்ணிலிருந்து கோட்டையைக் கண்டுபிடித்துப் பாருங்கள்.

ஃபோனில் வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். ஃபோன் உள் சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும். குளிரில் வெளிப்பையில் கிடந்தால் பேட்டரி சட்டென்று இறங்கும். தலைவிளக்கு பையில் இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

நடுவில் கைவிடும் இடங்களையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். கோட்டையிலிருந்து இறங்கித் தார்ச்சாலையைத் தொட்டதும் உடம்பு சரியில்லை என்றால் சாலை வழியாகவே லாங்கோலன் திரும்பலாம். ட்ரெவரில் பஸ் உண்டு. அதன் பிறகு கால்வாயை ஒட்டியே ஏ539 சாலை வருவதால் வழிநெடுக ஏதாவது ஒரு பாலத்தில் ஏறிச் சாலையைப் பிடித்துவிடலாம். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே நேர எல்லை வையுங்கள்: ட்ரெவரை மூன்று மணிக்குள் தாண்டவில்லை என்றால் பஸ். அங்கே போய் நின்று யோசித்தால் “இன்னும் கொஞ்சம்தானே” என்றுதான் தோன்றும்.

#14 வார்ப்பிரும்பு

போக்குவரத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். லாங்கோலனில் ரயில் நிலையம் உண்டு, ஆனால் அது நீராவி ரயில் பிரியர்கள் நடத்தும் பாரம்பரிய ரயில். கார்வென் பக்கம்தான் போகும். தேசிய ரயில் பாதையோடு அதற்கு இணைப்பு இல்லை. நீங்கள் இறங்க வேண்டியது ரூவாபன், ஷ்ரூஸ்பரி – செஸ்டர் பாதையில். அங்கிருந்து லாங்கோலனுக்கு பஸ், ட்ரெவர் வழியாக. ஊர்ப் பெயரின் இரட்டை எல் வேல்ஸ் மொழியில் நாக்கை ல நிலையில் வைத்துக் காற்றை மட்டும் ஊதும் ஒலி. நம் எழுத்தில் இல்லை. லாங்கோலன் என்றாலே ஓட்டுநருக்குப் புரியும்.

பஸ் ஞாயிற்றுக்கிழமை குறைவு. அப்படி நாள் மாறினால் சர்க் நிலையத்தில் இறங்குங்கள். கால்வாய் நிலையத்தை ஒட்டியே போகிறது. வடக்கே கரைப்பாதையில் நடந்தால் வைட்ஹவுஸ் சுரங்கம், 175 மீட்டர், உள்ளே கும்மிருட்டு, டார்ச் கட்டாயம். அதைத் தாண்டிப் போனால் பொன்ட்கசல்டெ. போய் அதே வழியில் திரும்ப வேண்டும், குன்றும் கிடையாது. ஆனால் பஸ்ஸை நம்பாமல் முடிக்கலாம்.

#15 புதுத்தடம்

அண்ணா, அக்கா எல்லோருக்கும் மிக்க நன்றி. குறுஞ்செய்திப் பதிவு முடித்துவிட்டேன். கோட்டையை எண் வைத்துத் தாளில் கண்டுபிடித்தும் பார்த்தேன்.

என் நேரத் திட்டம்: 10.15 லாங்கோலன் பாலம். 11.15 கோட்டை. 11.40 கிழக்குப் பக்கம் இறக்கம். 1.45 ட்ரெவர், சாப்பாடு, காலுறை மாற்றம். காற்று இல்லை என்றால் தொட்டிப்பாலம் போய்த் திரும்புவது. 3.00 கால்வாய்க் கரையில் கிளம்புவது, அதுவே நேர எல்லை. 5.00 லாங்கோலன். 5.30க்கு மேல் பஸ். சரியா?

#16 சமஉயரக்கோடு

ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நேர எல்லையும் திட்ட நேரமும் ஒன்றாக இருக்கக் கூடாது. 2.45க்குக் கிளம்புவதாகத் திட்டம் வைத்து, 3.00ஐ எல்லையாக வையுங்கள். அந்தக் கால் மணி நேரத்தைச் சாப்பாட்டில் எடுக்காதீர்கள். கோட்டைக்கு ஒரு மணி நேரம் போட்டிருப்பது சரி, முன்னதாகப் போய்ச் சேர வேண்டும் என்று முயல வேண்டாம்.

#17 வாய்க்கால்கரை

5.30 பஸ்ஸுக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு எண்டதையும் தாளில எழுதிக் கொண்டு போங்கோ தம்பி. ஃபோனில பார்க்கலாம் எண்டு விட வேண்டாம். ரூவாபனில இருந்து பர்மிங்காம் நேர் ரயில் மணித்தியாலத்துக்கு ஒண்டு இல்லை. பஸ் பிந்தினா எந்த ரயில், ஷ்ரூஸ்பரியில மாறி ஏறுற ரயில் எது எண்டு ரெண்டையும் எழுதி வையுங்கோ.